பழுக்காத விளக்கு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டு, இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று என்னைக் கேட்கக் கூடாது. இது நானாக யோசித்த கதை இல்லை. ஒருவர் வீடு தேடி வந்து கேட்ட கதை. கேட்டவர் மார்த்தா அக்கா.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, மம்பாவில் என் வீட்டு கேட்டருகில் வந்து நின்றார். கோலா பிலாவிலிருந்து சிரம்பானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மம்பாவுக்கு இன்னொன்று. கையில் ஒரு துணிப்பையும் குடையும். நான் அவரைப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பார்க்காமலிருக்க நானும் கொஞ்சம் முயற்சி எடுத்திருக்கிறேன். [இந்த வாக்கியம் பின்னால் வர வேண்டியது. அடித்தால், என்ன அடித்தாய் என்று கேட்பீர்கள். இருக்கட்டும்.]

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். தேநீர் வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழம பேப்பர்ல இராஜமாணிக்கம்னு ஒரு பேரு வருதே தம்பி, அது நீங்கதானே?"

"ஆமாக்கா."

"கதயெல்லாம் எழுதுறீங்க."

"ஏதோ எழுதுறேன்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு கதய எழுதிக் குடுங்க."

அவர் வீட்டுக்காரர் ஆம்புரோஸ். இந்தப் பிப்ரவரியில் கோலா பிலாவில் இறந்துபோனார். நாங்கள் எல்லோரும் ஒரே தோட்டத்துக்காரர்கள். தோட்டத்தின் உண்மையான பெயரை எழுதப் போவதில்லை, லாலான் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கரண்டு உண்டாக்குகிற இஞ்சின் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஆம்புரோஸ். 1983-இல் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊர் அந்தோணியார் கோயிலில் வைத்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்கள்.

இப்போது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடு கட்டப் போகிறார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்களை இடிக்க நாள் குறித்தாயிற்று. வருகிற ஜூன் மாதத் திருநாள்தான் அந்தக் கோயிலில் கடைசி.

"அன்னிக்கி அவர திருடன்னு சொன்னவங்க எல்லாரும் இந்தத் திருநாளுக்கு வருவாங்க தம்பி. அதோட சரி. அப்புறம் ஆளுக்கொரு தாமான்ல வீடு பாத்துப் போயிருவாங்க. நான் வீடு வீடா ஏறி எறங்கி, எம்புருசன் திருடன் இல்லன்னு சொல்லிக்கிட்டா இருக்க முடியும் லா? எங்க சொன்னாங்களோ அங்கயே சொல்லணும். நான் சொன்னா பொண்டாட்டி சொல்றான்னு விட்டுருவாங்க. நீங்க எழுதுங்க. பூசைக்கு அப்புறம் படிக்க விடுறேன்னு சாமியார் சொல்லிட்டாரு."

(இந்த இடத்தில் அவர் இன்னொரு வரியும் சொன்னார். அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.)

2

முதல் தொடக்கம்:

"ரப்பர் மரங்களுக்கிடையே பனி இறங்கிக்கொண்டிருந்தது. லாலான் தோட்டம் மெல்லக் கண் விழித்து —"

நிறுத்தினேன். அந்தத் தோட்டம் ஒருநாளும் மெல்லக் கண் விழித்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு மணி அடித்து, ஆள் கணக்கு எடுத்து, விரட்டித்தான் விழிக்க வைத்தார்கள். அழகாகத் தொடங்குகிறவன் எதையோ மறைக்கிறான் என்று நானே மற்றவர்களைத் திட்டியிருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்:

"ஆம்புரோஸ் மிக நேர்மையான —"

இதுவும் வேண்டாம். நேர்மையான மனிதர் என்று ஆரம்பித்தால் உங்களுக்கு உடனே சந்தேகம் வரும். எனக்கே வந்தது.

மூன்றாவது தொடக்கம், பெட்டியிலிருந்து:

பெட்டி என்று நாங்கள் சொன்னது கிட்டார் ஆம்ப்ளிஃபயரை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை 1971-இல் ஊருக்குப் போனபோது, கிளப்பில் கிடந்ததை அந்தோணிதாஸ் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தோணிதாஸ் பால்மரத்து மண்டோர், பால் எடுக்கிறவர்களை மேய்க்கிறவர். கோயிலில் கிட்டார் வாசிப்பவர். கோபக்காரர். பெட்டியைத் தொட வேண்டுமென்றால் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்வார். நான் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி, அவருக்குப் பக்கத்தில் நின்று இரண்டாவது கிட்டார் வாசித்தவன். எங்கள் இரண்டு கிட்டாரின் வயரும் அதே பெட்டிக்குள்தான் போகும்.

பெட்டிக்குள் நான்கு கண்ணாடி வால்வுகள். அவை சூடேறினால்தான் சத்தம் வரும். முன்பக்கம் ஒரு சிவப்புக் கண்ணாடிக் குமிழ், அதற்குள் டார்ச் லைட் பல்பு அளவில் ஒரு பல்பு. சுவிட்சைப் போட்டதும் அந்தப் பல்பு முழுதாக எரியாது. முதலில் அழுக்கு மஞ்சளாக ஒரு பொட்டு தெரியும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறி நல்ல சிவப்புக்கு வரும்.* இதை நாங்கள் பழுப்பது என்போம்.

"லைட்டு பழுத்துருச்சா?" என்று அந்தோணிதாஸ் கிட்டாரைத் தடவிக்கொண்டே கேட்பார். யாராவது "பழுத்துருச்சுண்ணே" என்று சொன்ன பிறகுதான் தந்தியில் கை வைப்பார். பன்னிரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது. பாட்டுப் புத்தகத்தோடு நிற்கிற பெண்கள்கூட பீடத்தைப் பார்க்க மாட்டார்கள், அந்தக் குமிழைத்தான் பார்ப்பார்கள்.

இந்தத் தொடக்கம் நிற்கும் என்று நினைக்கிறேன்.

* ஏன் மெதுவாக என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. சிரம்பானில் ரேடியோ பழுது பார்க்கிற ஒருவரிடம் 1990-இல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குளிர்ந்து கிடக்கிற வால்வுகள் முதலில் கரண்டை அதிகமாக இழுக்குமாம். மிச்சம்தான் பல்புக்கு. எங்கள் இஞ்சின் கரண்டோ ஏற்கெனவே நோஞ்சான். எதற்காக இவ்வளவு வருடம் கழித்து இதைப் போய்க் கேட்டாய் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

3

இஞ்சின் கரண்டு சில நேரம் படுத்துவிடும், சில நேரம் துள்ளும். துள்ளும்போதெல்லாம் அந்தச் சின்னப் பல்பு போய்விடும். ஒரே வருடத்தில் நாலு பல்பு. சைக்கிள் விளக்கு பல்பைக்கூடப் போட்டுப் பார்த்தோம். 1983 திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஐந்தாவதும் போனது. லைட் இல்லாமல் எப்போது வாசிக்கத் தொடங்குவது என்று அந்தோணிதாஸுக்குத் தெரியவில்லை. பெட்டியை ஆம்புரோஸிடம் கொண்டுபோகச் சொன்னார்.

ஆம்புரோஸ் இஞ்சின் வீட்டு வேலை போக மிச்ச நேரத்தில் ரேடியோ பழுது பார்ப்பார். அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கழற்றிய பழைய சாமானை வைத்துக்கொள்ள மாட்டார். கருகிப்போன ஒரு துண்டு வயராக இருந்தாலும் பேப்பரில் பொட்டலம் கட்டி, என்ன செய்தேன் என்று ஒரு சீட்டும் எழுதி வைத்துக் கொடுத்துவிடுவார். இரண்டாவது, பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் மிரட்டுவார்.

"பின்பலகைய தொறந்துறாதீங்க. பிளக்கு கழட்டுனாலும் உள்ள கரண்டு நிக்கும். அடிச்சா ஆள் காலி."

வெள்ளிக்கிழமை மாலை நான்தான் பெட்டியை வாங்கப் போனேன். உடைந்த கேசட் ரெக்கார்டர் ஒன்றிலிருந்து சின்னதாக ஒரு எல்.இ.டி. லைட்டைக் கழற்றி, பல்பு இருந்த இடத்தில் வைத்துப் பற்றவைத்திருந்தார். அரிசிப் பொரி அளவுதான் இருந்தது.

"இதுல கம்பி இல்ல மாணிக்கம். கம்பி இருந்தாத்தானே அறுந்து போறதுக்கு? கூட ரெண்டு சின்ன சாமான் சேத்துருக்கேன். இனி கரண்டு துள்ளட்டும், குதிக்கட்டும், இது சாவாது லா."

சுவிட்சைப் போட்டுக் காட்டினார். குமிழ் சட்டென்று சிவந்தது. மஞ்சள் இல்லை, காத்திருப்பு இல்லை. அவருக்கு மனசு நிறைந்த சந்தோஷம். நான் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். அவ்வளவுதான்.

4

திருநாளன்று பகலிலும் கரண்டு வேண்டும் என்பதால் ஆம்புரோஸ் இஞ்சின் வீட்டில் இருந்தார். அவர் பூசைக்கு வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மட்டும் கோயிலுக்குள் இருந்திருந்தால் இந்தக் கதை மூன்றாம் பகுதியோடு முடிந்திருக்கும்.

சாமியார் பீடத்துக்கு வந்தார். சுவிட்சைப் போட்டேன். குமிழ் உடனே சிவப்பாக எரிந்தது.

"பழுத்துருச்சா?"

"பழுத்துருச்சுண்ணே."

அந்தோணிதாஸ் தந்தியில் கை வைத்தார். முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு, போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாடுகிறவர்கள் திகைத்தார்கள். முதல் சரணம் முழுக்க அப்படியே இழுத்தது. அப்புறம் சத்தம் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் எல்லோர் முகமும் மாறிவிட்டது. [அன்று நானும் ஓரிடத்தில் தப்பாக வாசித்தேன். கதைக்கு இது முக்கியமில்லை.]

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அந்தோணிதாஸ் என்னைப் பிடித்தார். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள்.

"சத்தம் மாறியிருக்கா, இல்லையா? நீ சொல்லுடா மாணிக்கம். நீயும் அதே பெட்டியிலதான வாசிக்கிற."

"மாறியிருக்குண்ணே."

ஒரே வார்த்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டம் முழுக்கச் சத்தம் மாறிவிட்டது. தாளம் தட்டத் தெரியாதவர்களெல்லாம், ஆமாம், முன்ன மாதிரி இல்ல என்றார்கள். லைட்டைப் பார்த்தவர்கள், நேராகப் பார்த்தால் நிற்கிறது, தலையை ஆட்டினால் துடிக்கிறது, இதில் என்னவோ இருக்கிறது என்றார்கள். துடித்தது உண்மைதான். அந்த மாதிரி கரண்டில் அந்த லைட் அப்படித்தான் துடிக்கும் என்று அதே ரேடியோக்காரர் பின்னால் சொன்னார். அன்று அது திருட்டு முழியாகத் தெரிந்தது.

லைட்டையே மாற்றியவன் உள்ளே எதையெல்லாம் மாற்றினானோ என்று யார் முதலில் சொன்னது? நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை. அந்தோணிதாஸும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் ஆம்புரோஸை நிறுத்திக் கேட்டது அந்தோணிதாஸ். வெள்ளைக்காரன் வால்வு நாலையும் கழற்றி விற்றுவிட்டு ஏதோ செத்த வால்வை மாட்டிவிட்டாய் என்பது குற்றம்.

"தொறந்து பாருங்கண்ணே," என்றார் ஆம்புரோஸ்.

"தொறக்காதன்னு சொன்னதே நீதானடா! இப்பல்ல தெரியுது ஏன் சொன்னன்னு."

"அப்ப நான் தொறந்து காட்டுறேன்."

"நீ தொறந்தா, தொறக்கிறப்பவே மாத்திருவ. எனக்குக் கண்ணு தெரியும், ஒன் கையி வேகம் தெரியாது."

கூட்டம் சிரித்தது.

"சரி, பொட்டலம் எங்க?" என்றார் அந்தோணிதாஸ். "தேஞ்ச ஸ்க்ரூவக்கூட பொட்டலம் கட்டிக் குடுப்பியே. இந்தத் தடவ மட்டும் எங்க போச்சு?"

"குடுத்துட்டேனே."

"யாருகிட்ட?"

ஆம்புரோஸ் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதோடு முடிந்தது. அதன் பிறகு யாரும் அவரிடம் ரேடியோ கொடுக்கவில்லை. இஞ்சின் வீட்டில் மண்ணெண்ணெய் குறைந்தாலும் அவர் பேர்தான் அடிபட்டது. இரண்டே மாதத்தில் அவரை இஞ்சின் வீட்டிலிருந்து எடுத்து மருந்து தெளிக்கிற கூட்டத்தில் போட்டார்கள். மூன்றாம் மாதம் மார்த்தா அக்காவைக் கூட்டிக்கொண்டு கோலா பிலா போய்விட்டார். அங்கே கடைசிவரை ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். அந்தோணிதாஸ் வேறொரு புதுப் பெட்டி வாங்கிக்கொண்டார். பழையது கோயில் சாமான் அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. பயத்தில் யாரும் இன்றுவரை திறக்கவில்லை.

5

கிழித்துவிட்டேன்.

6

ஆம்புரோஸ் அண்ணன் உண்மையிலேயே திருடியிருந்தால்?

ஒரு எழுத்தாளன் எல்லாப் பக்கமும் யோசிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவரைத் திருடனாக வைத்து எழுதிப் பார்த்தேன்.

"ஆம்புரோஸ் நான்கு வால்வுகளையும் கைக்குட்டையில் சுற்றி, மதிய பஸ்ஸில் கோலா பிலாவுக்குக் கிளம்பினான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை —"

(திருடன் ஆனவுடனே அவர் எப்படி அவனாகிவிட்டார் பார்த்தீர்களா? நான் வேண்டுமென்று செய்யவில்லை. பேனா செய்தது.)

கடைக்காரன் ஒருவன் வேண்டியிருந்தது. உண்டாக்கினேன். மூக்குக் கண்ணாடி போட்டேன், முன்வழுக்கை கொடுத்தேன். கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினால் அவன் சிரிக்கிறான். "இத வாங்கி நான் என்னா பண்றது? எல்லாரும் வால்வு ரேடியோவ தூக்கிப் போட்டுட்டு டிரான்சிஸ்டர் வாங்குறாங்க. கொண்டு போ லா." எவ்வளவு எழுதினாலும் அவனை வாங்க வைக்க முடியவில்லை. பழைய வால்வுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது பல வருடம் கழித்துத்தான். 1983-இல் கோலா பிலாவில் அதை வாங்க ஒரு ஆள்கூட இருந்திருக்க மாட்டான்.

ஆம்புரோஸை அந்தக் கடை வாசலிலேயே விட்டுவிட்டேன். திருடத் தெரியாத ஆளை வைத்து எவ்வளவு தூரம்தான் எழுதுவது?

பிறகு மார்த்தா அக்காவைச் சந்தேகப்பட்டேன். பன்னிரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன்? அந்தத் தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கும்போது ஏன் என்னிடம்? தேநீரில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனாரே, ஏன்? இந்த மூன்று கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

7

முடிவுகள். மூன்று எழுதியிருக்கிறேன்.

அ. திருநாளன்று கதை வாசித்து முடிகிறது. அந்தோணிதாஸ் கைத்தடியை ஊன்றி எழுந்து, பெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறார். பின்பலகையைத் திறக்கிறார்கள். உள்ளே பழைய வால்வுகள் அப்படியே இருக்கின்றன. கோயிலே அழுகிறது. (எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதோடு, அவை பழைய வால்வுகள்தான் என்று எப்படித் தெரியும்? தெரிய ஒரு வழி இருக்கிறது. அது ஐந்தாம் பகுதியில் இருந்தது.)

ஆ. திறக்கிறார்கள். உள்ளே வேறு வால்வுகள். மார்த்தா அக்கா குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறார்.

இ. திறக்கிறார்கள். கரையான். ஒன்றும் மிச்சமில்லை. ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள்.

இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். ஆ. பன்னிரண்டு வருடமாக எனக்குப் பிடித்தது அதுதான். ஆம்புரோஸ் அண்ணன் திருடனாக இருந்துவிட்டால் நான் நல்லவனாகிவிடுவேன். ஒவ்வொரு திருநாளிலும் சாமான் அறைப் பக்கம் போகும்போது, கடவுளே, உள்ளே வேறு வால்வு இருக்கட்டும் என்று வேண்டியிருக்கிறேன். கோயிலுக்குள் நின்றுகொண்டு வேண்டியிருக்கிறேன்.

5

(குப்பைக் கூடையிலிருந்து எடுத்து ஒட்டியது.)

வெள்ளிக்கிழமை மாலை ஆம்புரோஸ் அண்ணன் என்னிடம் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. பொட்டலத்தையும் கொடுத்தார். "இத அந்தோணிண்ணன் கையில குடுத்துரு மாணிக்கம். சீட்ட படிக்கச் சொல்லு, மறந்துறாத" என்றார். நான் அதைக் கிட்டார் உறைக்குள் போட்டேன். மறந்துவிட்டேன். இதுவரை நான் செய்தது வெறும் மறதி. அதை நீங்கள் நம்பலாம்.

திருநாளன்று சத்தம் முனகியபோது நான் பதறிப்போய்த் தப்பான சுருதியில் அடித்தேன். ஒரு தடவை இல்லை, பல்லவி முழுக்க. அந்தோணிதாஸ் திரும்பி முறைத்தார். பாடுகிற பெண்கள் திகைத்ததற்கு என் தப்பும் ஒரு காரணம். வாசலில் அவர் என்னைக் கேட்டபோது, பெட்டி மாறியிருக்கிறது என்று சொன்னால் என் தப்பு பெட்டியின் தப்பாகிவிடும். சொன்னேன். சத்தம் மாறித்தான் இருந்தது, அதனால் பொய் என்றும் சொல்ல முடியாது. இப்படி ஒரு சமாதானம் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

புதன்கிழமை கிட்டார் உறையில் பொட்டலம் கைக்குத் தட்டுப்பட்டது. பிரித்தேன். உள்ளே கருகிய பல்பும் ஒரு சீட்டும். சீட்டை இங்கே அப்படியே எழுதுகிறேன்:

"பல்பு மட்டும் மாத்தியிருக்கு. வால்வு தொடல. நாலு வால்வு அடியிலயும் போன வருசம் நான் கீறுன சிலுவ இருக்கு, பாத்துக்கலாம். இனிமே லைட்டு உடனே எரியும், ஆனா வால்வு சூடேற பழைய நேரந்தான் ஆகும். லைட்ட பாத்து வாசிக்காதீங்க. சுவிட்ச போட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிச்சிட்டு வாசிங்க. ஆம்புரோஸ்."

ஒரு பரலோக மந்திரம், பூசையில் எல்லோரும் சொல்கிற அந்தச் சின்னச் செபம், சொல்லும் நேரம். அதைப் பொறுத்திருந்தால் சத்தம் முனகியிருக்காது. அந்தச் சீட்டை அன்றே கொடுத்திருந்தாலும் போதும். ஆனால் கொடுத்தால், ஏன் இத்தனை நாள் கொடுக்கவில்லை, பிறகு ஏன் மாறியிருக்கு என்று சொன்னாய் என்று கேட்பார்கள். நாளைக்குக் கொடுக்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அன்று ஆம்புரோஸ் அண்ணனின் பார்வை நின்ற இடம் நான். நான் கிட்டார் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுருட்டிய வயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினேன். அவர் ஏன் என் பேரைச் சொல்லவில்லை? பெருந்தன்மை என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் தோன்றுகிறது. அவருக்கு மருந்துக் கூட்டத்துக்கு மாற்றல் வந்தபோதும் காத்திருந்தார். அந்த மாற்றல் கடிதத்தை ஆபீசில் தட்டச்சு செய்தவன் நான். கடிதத்தை வாங்க வந்தபோது என் மேசை முன்னால் நின்று, கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். நன்றி மாணிக்கம் என்றார்.

முதல் பகுதியில் விட்ட வரியையும் எழுதிவிடுகிறேன். மார்த்தா அக்கா கடைசியாகச் சொன்னது இதுதான்:

"பொட்டலத்தப் பத்தியும் எழுதுங்க தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டே சொன்னார். அவர் யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்.

8

நீங்கள் இப்போது சந்தேகப்படலாம். சீட்டைத் திருடனும் எழுதலாமே, சிலுவை இருக்கிறது என்று பொய்யாக எழுதலாமே என்று. பன்னிரண்டு வருடம் நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சாமான் அறைச் சாவி எனக்குக் கிடைக்காத பொருள் இல்லை. ஒருநாளும் நான் போய்ப் பார்க்கவில்லை. கரண்டுக்குப் பயந்து இல்லை. சிலுவைக்குப் பயந்து.

அதனால் இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. எனக்கு அதற்கு அருகதை இல்லை. இந்தத் தாள்களோடு பொட்டலத்தையும் குத்தி மார்த்தா அக்காவுக்கு அனுப்புகிறேன். பல்பும் சீட்டும் உள்ளேதான் இருக்கின்றன. ஐந்தாம் பகுதியை அக்கா யாரை வேண்டுமானாலும் படிக்கச் சொல்லலாம். என்னையே படி என்றாலும் படிப்பேன். அன்று நான் கோயிலில் இருப்பேன், கையில் சுருட்ட வயர் எதுவும் இல்லாமல்.

படித்து முடித்ததும், கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைத் தூக்கி வந்து சாக்கை எடுங்கள். இப்போது அங்கே அரசாங்கக் கரண்டு, துள்ளாது. அந்தோணிதாஸ் அண்ணனுக்கு ஒரு கிட்டாரைக் கொடுங்கள். சுவிட்சைப் போடுங்கள். கம்பி இல்லாத அந்த லைட் இன்னும் சாகவில்லை என்றால் சிவப்பு உடனே வரும். அதை நம்பாதீர்கள். யாரும் தந்தியைத் தொட வேண்டாம். எல்லோரும் சேர்ந்து, அவசரப்படாமல், ஆம்புரோஸ் அண்ணன் சொன்னபடி ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.

ஆமென் சொன்ன பிறகு அந்தோணிதாஸ் அண்ணன் வாசிக்கட்டும். சத்தமே வராவிட்டால் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரை வைத்துப் பின்பலகையைத் திறந்து, வால்வின் அடியில் பாருங்கள். மற்றவர்கள் கையை உள்ளே விடாதீர்கள். அவர் சொன்னது மிரட்டல் இல்லை, உங்கள் உயிர் மேல் இருந்த அக்கறை.

சத்தம் வந்தால், மாறியிருக்கா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். போன தடவை என்னைக் கேட்டார்கள்.